வீட்டின் கடைசிப் பென்ஷன்

வெயிலுகந்தம்மாளுக்குக் குடும்பப் பென்ஷன் வர ஆரம்பித்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. புருஷன் சாமித்துரை கோவில்பட்டி யூனியன் ஆபீஸில் ஜீப் ஓட்டியவர். ஓர் ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து, நாட்டு மருந்து, இங்கிலீஷ் மருந்து என்று எல்லாம் பார்த்தும் கேட்காமல், கார்த்திகை பிறக்குமுன்னே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் பூவனநாதன் அப்போது அஞ்சாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தான்.

அதிலிருந்து வருஷம் தவறாமல் கோடையில் ஒருநாள் அவள் தாலுகா ஆபீஸ் வளாகத்துக்குள் இருக்கிற சார்கருவூலத்துக்குப் போவாள். பென்ஷன் வாங்குகிறவர் உயிரோடுதான் இருக்கிறாரா என்று சர்க்கார் பார்த்துக்கொள்கிற நாள் அது. நேர்காணல் என்று பேர். வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள் உயிரோடு வந்து நின்றால் போதும். புருஷனைப் பறிகொடுத்துவிட்டு அவர் பென்ஷனை வாங்குகிற பெண்களுக்கு மட்டும் இன்னொரு கேள்வி உண்டு: மறுமணம் செய்திருக்கிறீர்களா? செய்திருந்தால் பென்ஷன் அதோடு நின்றுவிடும்.

முதல் வருஷம் அந்தக் கேள்வியைக் கேட்டதும் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அப்புறம் பழகிவிட்டது. பஸ்ஸில் கண்டக்டர் எந்த ஊர் என்று கேட்டால் சொல்வதுபோல, "இல்ல" என்று சொல்லிவிட்டு வருவாள்.

மந்திரமூர்த்தியை அவள் முதன்முதலாகப் பார்த்ததும் அந்த வரிசையில்தான். இரண்டாயிரத்து இரண்டு, கத்திரி வெயில். அவளுக்குப் பின்னால் நின்ற உயரமான மனுஷன் வெறுங்கையோடு வந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி, புஸ்தகம் கொண்டு வரலியா?" என்றாள்.

"எந்தப் புஸ்தகம்?"

"பென்ஷன் புஸ்தகம். அதுல இருக்க போட்டோவையும் ஒங்க மூஞ்சியையும் பாத்துத்தான கையெழுத்துப் போடுவாவ?"

"உயிரோட வந்தாப் போதும்னு சொன்னாவ. அதை மட்டும் கொண்டாந்துட்டேன்."

அவர் சொன்ன சத்தத்தில் வரிசை முழுக்கச் சிரித்தது. ஆடுமாடுகளுக்கு ஊசி போடுகிற கால்நடை ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆட்டுக்காரரோடு இந்தப் பக்கம் நின்று பேசிப் பேசியே காலம் போனதால், ரகசியம் என்று அவர் நினைத்துப் பேசுவதும் நாலு பேருக்குக் கேட்கும். சொந்த ஊர் இடைசெவல். மனைவி இறந்து பத்து வருஷம். ஒரே மகள் பானு கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த இடத்தில் இருந்தாள்.

"நீங்க போயி எடுத்துட்டு வாங்க. நான் இடம் பிடிச்சு வைக்கேன்" என்றாள் வெயிலுகந்தம்மாள்.

மொபெட்டில் இடைசெவலுக்குப் போய்ப் புத்தகத்தோடு அவர் திரும்பும்வரை, தன் முறை வந்தும் மற்றவர்களை முன்னே விட்டுவிட்டு, நகர்ந்து நகர்ந்து நின்றாள். ஏன் அப்படி நின்றாள் என்று அன்றைக்கு அவளைக் கேட்டிருந்தால், வாக்குக் கொடுத்துவிட்டோமே என்றுதான் சொல்லியிருப்பாள்.

இருவருக்கும் ஒரே பேங்க். மாதம் பிறந்ததும் பென்ஷன் எடுக்க வருகிறவர்கள் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து, டோக்கன் கூப்பிடும்வரை சுகர், பிரஷர், மகன், மருமகள் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மந்திரமூர்த்தி தன் மூன்று ஏக்கர் கரிசலை, விளைச்சலில் பங்கு என்று வாரத்துக்கு விட்டிருந்தார். மழை பெய்த வருஷம் பச்சைப் பாசிப்பயத்தங்காயை ஒரு மஞ்சள் பையில் கொண்டுவந்து அவளிடம் கொடுப்பார். மழை இல்லாத வருஷம் மழை இல்லாததைக் கொண்டுவருவார். அதைப் பற்றியே அரைமணி நேரம் பேசுவார். அவள் கேட்டுக்கொண்டிருப்பாள். வீட்டில் யாரும் அவளிடம் மழையைப் பற்றிப் பேசுவதில்லை. மகன் ஆசிரியர் பயிற்சி முடித்து, எட்டயபுரம் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். காலையில் போனால் பொழுது சாயத்தான் வருவான்.

மாதப் பிறப்பு எப்போது வரும் என்று முன்னாலும் அவள் எதிர்பார்த்தது உண்டுதான். அப்போது அரிசிக்கும் பள்ளிக்கூடச் செலவுக்கும் எதிர்பார்த்தாள். இப்போது அந்த நாளைக்கு எந்தச் சேலை என்று இரண்டு நாள் முன்னாலேயே மனசு தேட ஆரம்பித்தது. அவரை அண்ணாச்சி என்று கூப்பிடுவது எப்போது நின்றதென்று அவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பதிலாக என்ன சொல்லிக் கூப்பிடுவது என்றும் தெரியவில்லை. அதனால் கூப்பிடாமலே பேசினாள். அவரும் அதைக் கவனித்திருந்தார், கேட்கவில்லை.

பூவனநாதனுக்குக் கல்யாணம் முடிந்தது. மருமகள் சுதாராணி ஒரு தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். வந்த கையோடு இலுப்பையூரணிப் பக்கம் லோன் போட்டு வீடு கட்டினார்கள். மகன் சம்பளம் அப்போது கொஞ்சம்தான். மாதத் தவணைக்கு அம்மாவின் பென்ஷன் என்று பேச்சில்லாமலே ஏற்பாடாயிற்று. அவளும் அதைச் சந்தோஷமாகத்தான் கொடுத்தாள்.

அந்த வருஷம் புரட்டாசியில் பேங்கிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு இருவரும் நடந்து வந்துகொண்டிருந்தார்கள். கடை வாசல்களில் கூட்டம் குறைந்த இடமாகப் பார்த்து அவர் நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"பானு கோயம்புத்தூருக்கு வந்திருன்னு கூப்பிடுதா. எனக்குப் போக மனசு இல்ல."

"தனியா எம்புட்டு நாளைக்கு இருப்பீங்க?"

"அதைத்தான் நானும் கேக்கேன். நீங்க இடைசெவலுக்கு வந்திருங்களேன்."

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததை நம்புவதற்காக, "என்னன்னு சொல்லி வர?" என்று கேட்டாள்.

"பொண்டாட்டின்னு சொல்லித்தான். வேற என்னன்னு சொல்ல? ஒங்க பென்ஷன் நின்னுபோகும், தெரியும். எனக்கு வாரது ரெண்டு பேருக்குக் காணும். எனக்குப் பின்னால ஒங்களுக்கு என்ன வழின்னும் விசாரிச்சிருக்கேன். வழி இருக்கு."

அவர் எல்லாவற்றையும் யோசித்துவிட்டுத்தான் கேட்கிறார் என்று தெரிந்ததும் அவளுக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷமாக அவளுடைய நாளையை யோசித்தவர் யாரும் இல்லை. மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பூவனநாதன் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். அவன் கையில் துணியோடு அப்படியே குந்தியிருந்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் கோபப்படவில்லை.

"ஊரு பேசுமேன்னு நான் யோசிக்கலம்மா. ஊரு நம்மளுக்கு என்ன செஞ்சுது? லோனுகூட எப்படியாவது கட்டிக்கிடலாம்" என்றான். பிறகு சக்கரத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தான். "எனக்கு ரிட்டயர் ஆனா பென்ஷன் கிடையாது, தெரியும்லா? ரெண்டாயிரத்து மூணுக்குப் பெறகு வேலைக்கு வந்த யாருக்கும் கிடையாது. மாசாமாசம் சம்பளத்துல பிடிக்காவ. கடைசியில கையில என்ன வரும்னு ஸ்டாப் ரூம்ல ஒருத்தருக்கும் தெரியல. நம்ம வீட்ல கடைசிப் பென்ஷன் ஒன்னோடதுதான்."

"அதுக்காகச் சொல்லுதியா?"

"அதுக்காகவும்தான்." துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டான். "எனக்கு அப்பா மொகம் மறந்துபோச்சும்மா. போட்டோவைப் பாத்தா போட்டோ மாதிரிதான் இருக்காவ. சின்னப் பிள்ளையில நீ பேங்குல இருந்து பலகாரம் வாங்கிட்டு வருவேல்லா? அப்பா சம்பளம் வாங்கிட்டு வீட்டுக்கு வாராவன்னு நெனச்சுக்கிடுவேன். இப்பவும் அந்த நெனப்பு போகல. அதை நீ வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டேன்னா, அவிய நெசமாவே செத்துப்போன மாதிரி இருக்கும்."

பிள்ளை முழுசாக முப்பதுகூட ஆகாதவன். ஆனால் அந்த வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்தது அஞ்சாம் வகுப்புப் பையன்தான். அவன் முதுகைத் தடவிக்கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

அடுத்த மாதம் பேங்க் வாசலில் மந்திரமூர்த்தியிடம் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, ஒரு வழி சொன்னார்.

"கழுகுமலையில வச்சு, யாருக்கும் சொல்லாம ஒரு மஞ்சக்கயிறு கட்டிக்கிடுவோம். எங்கயும் எழுத வேண்டாம். பென்ஷன் பாட்டுக்கு வந்துக்கிட்டு இருக்கட்டும். இப்படி எத்தனையோ பேரு இருக்காவ."

அப்படி இருக்கிறவர்களை அவளுக்கும் தெரியும். அவர்களைக் குறை சொல்லவும் அவளுக்கு மனசில்லை. ஆனாலும் தலையை ஆட்டினாள்.

"வருசாவருசம் அந்தச் சன்னலுக்கு முன்னால நின்னு நான் இல்லன்னு சொல்லணும். ஒங்களை வச்சுக்கிட்டே ஒங்களை இல்லன்னு சொல்லணும். என்னால முடியாது."

அவர் "சரி" என்றார். அந்தச் சரியைக் கேட்டதற்கு, அவர் சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டாள்.

அடைமழைக் காலம் வந்தது. கரிசல் பாதை பசையாகக் குழைந்து கிடந்த ஒரு நாள், தன் புன்செய்க் காட்டைப் பார்க்கப் போன மந்திரமூர்த்தியின் மொபெட் சறுக்கி, இடுப்பெலும்பு முறிந்துபோயிற்று. பானு வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தச் சேதியே வெயிலுகந்தம்மாளுக்குப் பேங்க் பெஞ்சில் மற்றவர்கள் பேசிக்கொண்டதில்தான் தெரிந்தது. போய்ப் பார்க்க அவள் யார்? விலாசம் கேட்கவும் கூச்சமாக இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் போகும்போது பஸ் இடைசெவலைத் தாண்டும்போதெல்லாம் அவளையறியாமல் தலை திரும்பும். ரோட்டிலிருந்து அவர் வீடு தெரியாது. இருந்தாலும் பார்ப்பாள்.

கோடை வந்தது. ஒருநாள் சுதாராணி செல்போனைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"அத்தை, கோயம்புத்தூர்ல இருந்து ஒங்களைக் கேக்காவ. பேங்குல நம்பர் வாங்குனாவளாம்."

கொடுத்துவிட்டு அடுப்படிக்குள் போய், தேவையில்லாமல் பாத்திரங்களை உருட்டினாள்.

"வெயிலு, இருபதாந்தேதி நேர்காணலுக்கு வாரேன்" என்றது அந்தப் பெரிய குரல். அவ்வளவுதான் சொன்னது. பேரைச் சொல்லி அவர் கூப்பிட்டது அதுதான் முதல்தடவை.

இருபதாந்தேதி அவர் கையில் கம்பும் பக்கத்தில் மகளுமாக வந்து இறங்கினார். பாதி ஆளாகியிருந்தார். பானுவுக்கு இவள் யாரென்று தெரியாது. வரிசையில் நிற்கிற ஒரு அம்மா, அவ்வளவுதான். வெக்கையும் அலைச்சலும் சேர்ந்து, பக்கத்தில் இருந்தவளிடம் அவள் கொட்டித் தீர்த்தாள்.

"நீங்களாவது சொல்லுங்கம்மா. பென்ஷனைக் கோயம்புத்தூருக்கு மாத்துனா எங்க வீட்டுப் பக்கத்துலயே நேர்காணல் முடிஞ்சிரும். எல்லாம் எழுதிக் கொண்டாந்து ஒரு கையெழுத்துதான் கேட்டேன். போட மாட்டேங்காவ. இந்த இடுப்பை வச்சிக்கிட்டு இம்புட்டுத் தூரம் பஸ்ல வாராவ. அப்படி இந்தக் கோவில்பட்டியில என்னதான் இருக்கு?"

வெயிலுகந்தம்மாள் மந்திரமூர்த்தியைப் பார்த்தாள். அவர் சன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்து சிவந்திருந்தது.

"அவிய இஷ்டம்மா" என்றாள். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

மறுவருஷம் அவர் தனியாகவே வந்தார். நேர்காணல் முடிந்து பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மூன்றாம் தடவை சோறு வேண்டாம் என்று அவள் சொன்னதும், அவர் சர்வரைப் பார்த்து, "வைய்யி, அவிய அப்படித்தான் சொல்லுவாவ" என்றார். அந்தச் சொல்லை அந்த வருஷம் பூராவும் அவள் வைத்துக்கொண்டிருந்தாள். மாதாமாதம் பார்த்தது போய் வருஷத்துக்கு ஒருநாள் என்றாகிவிட்டது. மற்ற நாளெல்லாம் அந்த ஒரு நாளுக்குப் போகிற வழியாக இருந்தது.

வீட்டில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவள் சுதாராணி. அதற்கடுத்த சித்திரையில் ஒருநாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த மாமியாருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, எங்க அப்பா முப்பது வருசம் தீப்பெட்டிக் கம்பெனியில வேலை பாத்தாவ. இப்ப அவியளுக்குப் பென்ஷன்னு வாரது மருந்துக்குக் காணாது. அதனால பென்ஷனோட அருமை எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லுதேன். நீங்க போயிருங்க. லோனை நாங்க பாத்துக்கிடுதோம்."

"பூவு என்ன சொல்லுதான்?"

"ஒங்க மகன்கிட்ட ரெண்டு மாசமாப் பேசிட்டிருக்கேன். சரின்னு சொல்லல. வேண்டாம்னும் சொல்லல. நேத்து, 'அம்மா கண்ணு எப்பப் பாத்தாலும் ரோட்டுலயே இருக்கு'ன்னாவ."

வெயிலுகந்தம்மாள் சுளகைக் கீழே வைத்துவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வருஷ நேர்காணலுக்குக் கருநீலக் கரை போட்ட சேலை கட்டிக்கொண்டு போனாள். வரிசையில் சேரவில்லை. அவரிடம் சொல்லிவிட்டு, பிறகு சன்னலுக்குப் போய், இனி எனக்கு வேண்டாம் என்று சொல்வதாக நினைத்திருந்தாள். பதினொரு மணிக்கு அவர் வந்தார். வளாகத்துச் சுவரோரம் நிழலில் இருவரும் நின்றார்கள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

அவர் முகம் மலரும் என்று பார்த்தாள். அவர் கம்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"வெயிலு, மருமகன் வேலை பாத்த மில்லை மூடிட்டாவ. தை மாசத்துல இருந்து அவரு வீட்லதான் இருக்காரு. அம்பது நெருங்குன ஆளுக்கு யாரு வேலை குடுப்பா? ரெண்டு பிள்ளைக படிக்கி. இப்ப அந்த வீட்ல அடுப்பு எரியுதது என் பென்ஷன்லதான்."

அவள் அவருடைய கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான் இங்கன வந்துட்டு, பாதிய அங்கன அனுப்பலாம்னு வச்சாலும் ஒங்க பென்ஷனும் நின்னுபோகும். ரெண்டு வீட்டுக்கு அது எப்படிக் காணும்? அன்னைக்கி ஒங்களைக் கூப்பிட்டப்ப அது என் காசு. இப்ப அது அவிய சோறு."

தன்னைப் போலவே அவரும் கட்டிப்போடப்பட்டிருக்கிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. புரிந்தும் நெஞ்சு ஆறவில்லை. ஒரு கயிறு அவிழ்கிற நேரம் பார்த்து இன்னொன்று விழுந்திருக்கிறது. யாரையும் திட்டவும் முடியவில்லை. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். காலம்தான் அவர்களுக்கு ஒன்றும் வைக்காமல் போய்விட்டது.

சன்னலில் குமாஸ்தா இசக்கிதுரை இருந்தார். வருஷக்கணக்காக அவளைத் தெரிந்தவர்.

"என்னம்மா, சௌக்கியமா? மறுமணம் ஒண்ணும் இல்லல்லா?" என்றார், நிமிராமலே.

பேனாவைப் பிடித்த அவள் கை நின்றுவிட்டது. அவர் நிமிர்ந்து பார்த்தபிறகுதான், "இல்ல" என்றாள்.

அன்றைக்கு ஓட்டலுக்குப் போகவில்லை. வெயில் தாழ்ந்ததும் ஆட்டோ பிடித்துக் கதிரேசன் கோயில் மலையடிக்குப் போனார்கள். அவரால் படி ஏற முடியாது. கீழ்ப்படியில் உட்கார்ந்தார்கள். உழுது போட்ட கரிசல் வெடித்துக் கிடந்தது தூரத்தில் தெரிந்தது. நெடுநேரம் கழித்து அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். ஊசி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். படியேறிப் போகிறவர்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். அவள் கையை விடவில்லை.

"நாம கொஞ்சம் முந்திப் பாத்திருக்கணும்" என்றார் அவர்.

"முந்தின்னா எப்ப? அப்ப எனக்குப் பூவு இருந்தான், ஒங்களுக்குப் பானு இருந்தா. எப்பப் பாத்திருந்தாலும் இதேதான்."

அவர் சிரித்தார். சிரிப்பு மட்டும் பழைய சத்தத்தோடு இருந்தது.

அடுத்த வருஷம் பங்குனியில் போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது. இடுப்பில் மறுபடியும் வலி. இனிமேல் நீண்ட தூரம் பஸ்ஸில் உட்காரக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

"கையெழுத்துப் போட்டுட்டேன், வெயிலு. பென்ஷன் இங்கன மாறிரும்" என்றார்.

"நல்லதுதான். அலைச்சல் இருக்காது" என்றாள். போனைச் சுதாராணியிடம் கொடுத்துவிட்டு, கொல்லையில் காய்ந்த துணிகளை எடுக்கப் போனவள், எடுத்த துணியோடு கல்லில் உட்கார்ந்துவிட்டாள். வேலை முடிந்து வந்த பூவனநாதன் பார்த்தான். அவளை எழுப்பவில்லை. தானும் செருப்பைக் கழற்றாமல் கொல்லை வாசல்படியில் உட்கார்ந்தான்.

கோடை பிறந்ததும் வெயிலுகந்தம்மாள் முதல் ஆளாகப் போய் நேர்காணலை முடித்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து பையில் இரண்டு சேலை எடுத்து வைத்தாள். சாயங்காலம் மகனிடம், "நாளைக்கு நான் கோயம்புத்தூருக்குப் போறேன். அவியளப் பாத்துட்டு நாலு நாள்ல வாரேன்" என்றாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. அவள் பேச்சில் அந்தக் கேள்வி இல்லாததைப் பூவனநாதன் கவனித்தான்.

"பானு வீட்ல என்னன்னு சொல்லுவே?" என்றான் மெதுவாக.

"உள்ளதைச் சொல்லுவேன். ஒங்க அப்பாவைப் பாக்க வந்திருக்கேன்னு."

காலையில் பைக்கில் ஏற்றி அவனே பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவந்து விட்டான். கோயம்புத்தூர் பஸ்ஸில் ஏறி, சன்னலோர இடமாகப் பார்த்து உட்காரவைத்தான். தண்ணீர் பாட்டிலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வாங்கிவந்து கொடுத்தான். இறங்கிப் போனவன் போகாமல் சன்னலுக்குக் கீழே நின்றான். டிரைவர் ஏறி வண்டியைக் கிளப்பினார்.

"அம்மா."

அவள் குனிந்து பார்த்தாள்.

"நான் கேட்டதாச் சொல்லும்மா. அவியள."

வண்டி நகர்ந்துவிட்டது. அவள் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். அவன் கூடவே நாலு எட்டு வைத்து வந்து அந்தக் கையைத் தொட்டுவிட்டு நின்றுவிட்டான். ஊர் தாண்டி, மதுரை ரோட்டில் வண்டி வேகமெடுத்ததும் இரண்டு பக்கமும் விதைப்புக்குக் காத்துக் கிடக்கிற கரிசல் வந்தது. முன்சீட்டில் யாரோ, கோயம்புத்தூருக்குப் போய்ச்சேர எவ்வளவு நேரமாகும் என்று கண்டக்டரைக் கேட்டார்கள். பதிலைக் கேட்க அவளும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.